டிரினிடாட் மாமி பதில்கள்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, 'டிரினிடாடில் இருந்த நாளில் கூவாவிலிருந்து சிவப்புக் கோடு வேனில் ஏறிப் போய்ப் பால் பவுடர் வாங்கி வருவோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதோடு போச்சு. சாம்பார்ப் பொடி, மருமகள், முழங்கால் வலி எல்லாம் பின்னுக்குப் போய், வந்த கடிதம் முழுக்க அந்தத் தீவைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் அதற்கே வைத்துக்கொள்வோம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் கணவர் டிரினிடாட் என்ற கரீபியன் தீவில், பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் ஓர் அமோனியா ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர். 1996 முதல் 2007 வரை அங்கே குடித்தனம். வீடு இருந்த ஊர்தான் கூவா. மெட்ராஸ்காரியான எனக்குப் பெயரைக் கேட்டதும் கூவம் ஞாபகம் வந்து மனசுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டேன். போய்ப் பார்த்தால் சுற்றிலும் கரும்பு, நல்ல காற்று. இப்போது அவர் இல்லை. நான் செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறேன். அங்கே பக்கத்து வீட்டிலிருந்த டான்ட்டி மட்டும் இன்னும் வாரா வாரம் கூப்பிடுகிறாள். (அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருமே அங்கே டான்ட்டிதான்.) அவளுக்கு ஞாயிறு காலை, எனக்கு ஞாயிறு மாலை. ஆகவே கீழே வருவதில் பாதி நான் பார்த்தது, மீதி அவள் சொல்வது.

என் மகன் வெல்டர். டிரினிடாடில் மாதம் 9,000 டாலர் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்கிறார். கணக்குப் போட்டால் ஏழரை லட்ச ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்கிறார். விசாகூட வேண்டாமாம். கட்டலாமா? — ஒரு தகப்பன், தாராவி

அண்ணாச்சி, முதலில் அந்த ஏஜென்டிடம், 'எந்த டாலர்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்த ஊர்ப் பணத்துக்கும் டாலர் என்றுதான் பெயர். ஒரு அமெரிக்க டாலர் வாங்க அவர்கள் டாலர் ஆறே முக்கால் பக்கம் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் அவர்களுடைய ஒரு டாலர் பதின்மூன்று ரூபாய் அளவில் நிற்கும். ஆக உங்கள் ஏழரை லட்சம் ஒரு லட்சத்துச் சொச்சமாகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1996-ல் என் கணவருக்கு வேலைக் கடிதம் வந்தபோது மாம்பலத்தில் என் அண்ணா இதே பெருக்கலைப் போட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். திரும்பி வருகிற வரைக்கும் நாங்கள் கோடீஸ்வரர்கள்தான்.

ஒரு லட்சமும் நல்ல சம்பளம்தானே என்பீர்கள். அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே 2024 ஜனவரியிலிருந்து மணிக்கு இருபதரை டாலர். வாரம் நாற்பது மணி நேரம் உழைத்தால் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு டாலர் வரும். முதியோர் உதவித்தொகையும் ஏறக்குறைய அதே அளவுதான். அதை வைத்துப் பார்த்தால் ஒன்பதாயிரம் மோசமில்லை. ஆனால் கோதுமை மாவு, அரிசி, பருப்பு, பால் பவுடர், உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலில் வருகிற ஊர் அது. கப்பல் கட்டணம் ஏறினால் மறுமாதம் தோசையில் தெரியும். வாடகையும் சாப்பாடும் கம்பெனி கொடுக்குமா, பையன் கையிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. சம்பாதித்ததை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நாங்கள் இருந்த காலத்தில் பேங்குக்குப் போய்ப் படிவம் நிரப்பினால் மெட்ராஸுக்குப் பணம் போய்விடும். இப்போது டான்ட்டியின் புலம்பலில் முக்கால்வாசி இதுதான். அந்த நாட்டுக்கு அமெரிக்க டாலர் வருவதே எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும். எரிவாயு உற்பத்தி 2010 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிட்டது. வரவு குறைந்தாலும் டாலர் விலையை அரசாங்கம் ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. விலை ஏறாவிட்டால் என்ன ஆகும்? ரேஷன் கடை மாதிரி வரிசை வரும். பேங்குகள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வரம்பு போட்டு, அதையும் குறைத்துக்கொண்டே வந்தன. மளிகைக்காரர், மருந்துக்காரர், மகளை வெளிநாட்டில் படிக்க வைத்தவர், எல்லோரும் அதே வரிசையில்தான். உங்கள் பையன் அதில் கடைசி ஆள். சம்பளத்தில் ஒரு பங்கையாவது அமெரிக்க டாலராக இந்தியக் கணக்கில் போடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த வேலை வேண்டாம்.

அப்புறம் அந்த 'விசா வேண்டாம்' விஷயம். அது உண்மை. சுற்றுலா என்று போக நம்மவர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டியதில்லை. கண்ணியே அங்கேதான் இருக்கிறது. 'போய் இறங்கு, பர்மிட் அப்புறம் வரும்' என்பார்கள். வேலை பர்மிட்டுக்கு முதலாளிதான் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் வருஷத்தில் ஒரு தடவை முப்பது நாள் மட்டும் வேலை பார்க்கலாம், முப்பத்தோராவது நாள் குற்றவாளி. பர்மிட் நகல் கைக்கு வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். வளைகுடாவுக்குப் போகிற பத்தாம் வகுப்பு தாண்டாத பிள்ளைகளுக்கு இங்கே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் என்று ஒரு வடிகட்டியாவது உண்டு. டிரினிடாட் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நீங்களேதான் வடிகட்ட வேண்டும். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய கட்டணம் முப்பதாயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கும்போதே அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

முலுண்டில் எங்கள் கட்டடத்தில் இருபது பேர் மாதச் சீட்டுப் போடுகிறோம். நான்தான் பணம் பிடிக்கிறேன். அந்த ஊரிலும் இப்படி உண்டா? பணம் எடுத்தவள் கட்டாமல் போனால் என்ன செய்வார்கள்? இங்கே ஒருத்தி நாலு மாதமாகக் கண்ணில் படவில்லை. — ஓர் இல்லத்தரசி

இல்லாமலா? அங்கே அதற்கு 'சூ-சூ' என்று பெயர். கேட்டதும் நம் வீட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்களின் சொல் அது. உடுத்த துணிகூடச் சொந்தமில்லாமல் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சீட்டுப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் பாருங்கள். ஜமைக்காவில் அதையே 'பார்ட்னர்' என்கிறார்கள், கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்', பார்படாஸில் 'மீட்டிங் டர்ன்'.

டான்ட்டிதான் எங்கள் தெருவில் சூ-சூ நடத்தினாள். பத்துப் பெண்கள், மாதம் ஐந்நூறு டாலர், ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு ஐயாயிரம். அந்த முறைக்குக் 'கை' என்று பெயர். 'உனக்கு எப்போது கை?' என்றுதான் கேட்பார்கள். கை யாருக்கு முதலில், யாருக்குக் கடைசி என்பதை டான்ட்டி வீட்டு கேலரியில் உட்கார்ந்து பேசி முடிப்போம். (முன்திண்ணைக்கு அங்கே கேலரி என்று பெயர்.) பள்ளிக்கூடம் திறக்கிற செப்டம்பரும் கிறிஸ்துமஸும்தான் அடிதடி. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் திரைச்சீலை மாற்றுவார்கள். பழைய திரையோடு ஜனவரி பிறந்தால் மானம் போய்விடும்.

நான் மயிலாப்பூரில் ஏலச்சீட்டுப் பார்த்து வளர்ந்தவள். தள்ளு, கழிவு, ஃபோர்மேன் கமிஷன் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. (நம் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம்.) ஒரு வருஷம் மேதாவித்தனமாக, 'ஏலம் விடலாமே, அவசரக்காரர்கள் தள்ளி எடுத்தால் மற்றவர்களுக்கு லாபம் வருமே' என்று பலகைக்கணக்குப் போட்டு விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். சந்தையில் காய்கறி விற்கிற ஒருத்தி கடைசியில், 'அப்படியென்றால் யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவளுக்குத்தான் பணம் குறைவாகக் கிடைக்கும், அதானே?' என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. எக்ஸெல்லில் போட்டால் என் கணக்குச் சரிதான்.

கட்டாமல் போனவள் கதைக்கு வருகிறேன். ஒருத்தி இரண்டாம் மாதமே கை வாங்கி, கார்னிவலுக்கு இறகும் மணியும் வைத்த உடுப்பு வாங்கி, இரண்டு நாள் ஊர்வலத்தில் ஆடிவிட்டு, மார்ச்சிலிருந்து கட்டவில்லை. டான்ட்டி போலீஸுக்கும் போகவில்லை, தெருவில் கத்தவும் இல்லை. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டு கேலரியில் போய் உட்கார்ந்தாள். கூடவே பட்டாணி உரிக்க ஒரு பாத்திரம். கடன் பேச்சே எடுக்கவில்லை. போகிற வருகிறவர்கள், 'என்ன இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?' என்று கேட்டால் சிரிப்பாள். ஒன்பதாம் நாள் பாதிப் பணம் வந்தது. மீதியை ஆண் பிள்ளையின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுத்தாள். இடையில் யாருக்கும் கை நிற்கவில்லை. குறைந்த பணத்தை டான்ட்டி தன் கோழி விற்ற காசிலிருந்து போட்டிருக்கிறாள் என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பணம் பிடிக்கிறவள் என்றால் அதுதான் வேலை. நாலு மாதமாக நீங்கள் அவள் வீட்டு வாசலுக்கு ஒரு நடைகூடப் போகவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பட்டாணியோடு போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் அங்கே 'சூ-சூ' என்ற பெயரையே ஒட்டிக்கொண்டு, இன்று ஆயிரம் போட்டால் சில வாரங்களில் பல ஆயிரம் என்று ஒரு வசூல் நடந்தது. செப்டம்பரில் லா ஹோர்க்கெட்டாவில் ஒரு வீட்டில் போலீஸ் புகுந்தபோது சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர் ரொக்கமாக இருந்தது. சூ-சூவில் போட்டதுதான் வரும், அதற்கு மேல் ஒரு காசும் வராது. அதிகமாக வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாட்டி, பொல்லார்ட் உங்க ஊரா? — ஆறாம் வகுப்பு மாணவன், வாஷி

ஆமாம் கண்ணா. தலைநகரிலிருந்து கிழக்கே போகிற வழியில் டாக்கரிகுவா. நரைன் அதற்கும் அப்பால் அரிமா. நம் சென்னைக்கு ஆடிய பிராவோ சான்டா குரூஸ் பள்ளத்தாக்கு, லாராவும் அங்கேதான். நான் யாரையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தப் பகுதிக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

என் அப்பா பரேலில் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில் திறக்கவே இல்லை. 'மில் தொழிலாளிக்கு வீடு' லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். கரும்புக்காடு என்று எழுதுகிறீர்களே, அந்தத் தொழிலாளிகள் எப்படி இருக்கிறார்கள்? — ஒரு மகன், பாண்டுப்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தம்பி. டான்ட்டியின் வீட்டுக்காரர் கதையும் ஏறக்குறைய இதேதான்.

அவர் கரோனி கம்பெனியில் கரும்பு வண்டி ஓட்டினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே காட்டில் வெட்டுக்கூலிகள். வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து அரசாங்கம் எடுத்து நடத்தியது அது. வருஷா வருஷம் நஷ்டம். 2003-ல் மூடினார்கள். ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர். 'விருப்ப ஓய்வு' என்று காகிதம் கொடுத்தார்கள். மூடப்போகிற இடத்தில் விருப்பம் எங்கிருந்து வரும்? நம் பேங்குகளில் வி.ஆர்.எஸ். வந்தபோதும் இதே பெயர்தான் வைத்தார்கள். கையில் ஒரு தொகை, கூடவே ஆளுக்கு இரண்டு ஏக்கர் விவசாய நிலமும் வீட்டு மனையும் குத்தகைக்குத் தருவதாக வாக்கு.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினார். 'இன்ஜினியர், இதில் நிலம் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா பார்' என்றார். எழுதியிருக்கவில்லை. பணத்தில் பாதியில் ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அந்த வருஷம் அங்கே வேலை போனவர் எல்லோரும் அதையே செய்ததால் காருக்கு ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் 2007-ல் ஊர் திரும்பும்போது நிலம் வரவில்லை. அப்புறம் ஒருநாள் காகிதம் வந்தது. நிலத்துக்குப் போகப் பாதையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதற்குள் அவருக்குச் சர்க்கரை நோய் காலுக்கு வந்துவிட்டது.

கடைசிச் சர்க்கரை ஆலையும் 2007-ல் நின்றுபோய், கரும்பு விளைந்த ஊர் இன்றைக்குச் சர்க்கரையை வெளியிலிருந்து வாங்குகிறது. 2018 நவம்பரில் பாயின்ட்-ஆ-பியரில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதே வழியில் போயிற்று. சுமார் ஐயாயிரம் பேர் அதில். 2025 நடுவில் தெரு, வாய்க்கால் சுத்தம் செய்கிற அரசாங்கத் திட்டத்தின் ஒப்பந்தங்களை ஒரே மூச்சில் ரத்து செய்ததில் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். டான்ட்டியின் மருமகளும் அதில் ஒருத்தி. டான்ட்டி வீட்டில் இத்தோடு இரண்டாம் தலைமுறை. இப்போது மருமகள் காலையில் டபுள்ஸ் விற்கிறாள். மஞ்சள் போட்டுப் பொரித்த மெத்தென்ற இரண்டு பரா, நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச்சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய். நம் வடாபாவுக்கு அக்கா. விடியற்காலை ஐந்தரைக்குக் கடை போட்டு ஒன்பதுக்குள் தீர்ந்துவிடுகிறதாம். அந்தக் கடலையும் மாவும் இறக்குமதிதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இங்கே மே மாதம் டேங்கர் பின்னால் ஓடுகிறோம். மழை பெய்கிற தீவில் அந்தத் தொல்லை இருக்காதே? — ஒரு வாசகி, கோவண்டி

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். வீடு பார்க்கப் போன அன்று தெருவில் எல்லா வீட்டு ஓரத்திலும் கறுப்பு பிளாஸ்டிக் டாங்குகள். ஒன்று, இரண்டு, சில வீட்டில் நான்கு. வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டியது சமையலறையை அல்ல, டாங்கைத்தான். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ஜனவரியிலிருந்து மே வரை சொட்டில்லை. மலை வடக்கே, எங்கள் ஊர் நடுவில். குழாய்கள் பழசு, வழியெல்லாம் ஒழுகல். எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர், அதுவும் ராத்திரி. குழாய் உறுமுகிற சத்தம் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து மோட்டார் போடுவேன். சேடா நகரில் இன்றைக்கும் அந்த உறுமல் கேட்டால் என் கால் தானாகத் தரையில் இறங்குகிறது. 2002-ல் பாயின்ட் லீசாஸில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை வந்தது. அதில் பெரும் பங்கு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத்தான் போயிற்று. என் கணவர் ஆலையில் குளிர்விக்கத் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். வீட்டுக்கு வந்து வாளியில் குளிப்பார்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா? தமிழ் பேசுவார்களா? — ஆசிரியர் (ஓய்வு), மாட்டுங்கா

பேசுவதில்லை ஐயா. 1845 மே 30 அன்று முதல் கப்பல் கரை சேர்ந்தது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழி வந்த போஜ்புரி பேசும் ஜனங்கள். மதராஸ் கப்பல்கள் கொஞ்சம்தான். அதனால் பாட்டி என்றால் 'ஆஜி', 'நானி'தான். நம்மவர்கள் போஜ்புரிக்குள் கரைந்து, போஜ்புரியும் பிறகு ஆங்கிலத்தில் கரைந்துவிட்டது. 'மதராசி' என்ற சொல் மட்டும் நிற்கிறது. காளி கோயில்களில் அதைக் கேட்கலாம்.

முதல் வருஷம் ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லாமல் தவித்தேன். டான்ட்டியிடம் இலையை வரைந்து காட்டினேன், புரியவில்லை. அவளுடைய மாமியார், தொண்ணூறு வயசுக் கிழவி, மூலையில் உட்கார்ந்திருந்தவள், 'கரப்பிலையா?' என்றாள். பின்கட்டில் மரமே நின்றது. அந்தக் கிழவிக்குத் தமிழில் வேறு ஒரு சொல்கூடத் தெரியாது. அவளுடைய பாட்டி எந்த ஜில்லா, எந்தக் கிராமம் என்றும் தெரியாது. நான் அந்த மரத்தடியில் நின்று அழுதேன். 'இலைக்காகவா அழுகிறாய்?' என்று டான்ட்டி பயந்துவிட்டாள்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுவதானால் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் பக்கம் போக வேண்டும். 1853 தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள் வம்சம். ராமசாமி, வீரப்பன் எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள். நான் போனதில்லை.

2025 ஜூலையில் நம் பிரதமர் போயிருந்தபோது ஆறாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உண்டு என்று அறிவித்தார். டான்ட்டி பேரன் விண்ணப்பிக்க ஆசைப்படுகிறான். மூதாதையர் காகிதம் வேண்டுமே! கப்பல் பதிவேட்டில் பெயரை எந்த எழுத்துக்கூட்டில் எழுதித் தொலைத்தார்களோ என்று ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மகளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். — ஒரு தாய், டோம்பிவலி

பயம் நியாயம்தான். 2024-ல் அந்த நாட்டில் 600-க்கு மேல் கொலைகள். மொத்த ஜனமே பதினான்கு லட்சம், மும்பையின் மூன்று வார்டு சேர்ந்தால் அவ்வளவு. டிசம்பர் 30 அன்று அவசரநிலை அறிவித்தார்கள், 2025-லும் மறுபடி வந்தது. பெரும்பாலும் கும்பல்களுக்குள் நடக்கிற துப்பாக்கிச் சண்டை. ஆனால் குண்டுக்கு அது தெரியாது. எங்கள் காலத்தில் கடைக்காரர்களைக் கடத்திப் பணம் கேட்பது பரவியிருந்தது. ஜன்னல், கதவு, கேலரி எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி அடித்து உள்ளே இருந்தோம்.

வீட்டு வாடகையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கம்பெனி வண்டி உண்டா என்று கேளுங்கள். ராத்திரி ஏறுகிற வாடகைக் காரின் நம்பர் பலகை 'எச்' என்று தொடங்க வேண்டும், அதுதான் பதிவு செய்த டாக்ஸி. 'பி' என்று இருந்தால் அது சொந்தக் காரை வைத்துச் சவாரி அடிப்பவர், ஏறக்கூடாது. இவ்வளவும் சொன்ன பிறகு, பதினோரு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு குடையைத் தவிர எதுவும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அதிர்ஷ்டமா என்று கேட்டால், ஓரளவு ஆமாம்.

ஒன்பது வயதுப் பேரன் குடும்பத்தோடு அங்கே போகிறான். படிப்பு எப்படி? — ஒரு தாத்தா, சயான்

பதினோரு வயதில் எஸ்.ஈ.ஏ. என்று ஒரு தேர்வு. கணக்கு, ஆங்கிலம், கட்டுரை. அதில் வாங்குகிற மார்க்கை வைத்துத்தான் எந்த உயர்நிலைப் பள்ளி என்பது. அரசுப் படிப்பு இலவசம், ஆனால் எல்லோரும் கேட்பது ஏழெட்டுப் பேர்பெற்ற பள்ளிகளை. சபைகளும் மத அமைப்புகளும் நடத்துகிற பள்ளிகளில் ஐந்தில் ஓர் இடம் அவர்கள் விருப்பத்துக்கு. 1960-ல் போட்ட ஒப்பந்தம் அது, அதைப் பற்றி வருஷா வருஷம் சண்டை.

நம் ஊர் ட்யூஷனுக்கு அங்கே 'லெஸன்ஸ்'. எங்கள் வீட்டு கேலரியில் நானே பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்ல வைத்தேன். தாளம் மட்டும் அவர்கள் போட்டது, கார்னிவல் தாளம். பேரனுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. கணக்கு பயமில்லை. கட்டுரைதான் பார்க்க வேண்டும், போன உடனே உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாட விடச் சொல்லுங்கள்.

சென்ற இதழில் கூவாவிலிருந்து சிவப்புக் கோடு வேன் என்று எழுதியிருந்தீர்கள். தவறு. நான் கப்பல் வேலையில் அந்தத் துறைமுகத்துக்குப் பலமுறை போனவன். அது பச்சைக் கோடு. — ஒரு வாசகர், அந்தேரி

மாட்டிக்கொண்டேன். பச்சைதான். மற்ற வாசகர்களுக்காக: அங்கே மாக்ஸி டாக்ஸி என்று வெள்ளை வேன்கள் ஓடும். பக்கவாட்டில் உள்ள கோட்டின் நிறம்தான் வழி. தலைநகரைச் சுற்றி மஞ்சள், கிழக்கே சிவப்பு, கூவா வழியாகத் தெற்கே பச்சை, பக்கத்துத் தீவான டொபேகோவில் நீலம். நான் அரிமா பக்கம் ஒரு தோழி வீட்டுக்குப் போகச் சிவப்பில் ஏறுவேன், அந்த ஞாபகம் கலந்துவிட்டது.

சிவப்பு ஓடுகிற தனிப்பாதை ஒரு காலத்தில் ரயில் பாதை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1876-ல் போட்ட ரயிலை 1968 டிசம்பரோடு நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். காருக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சமில்லாத தெம்பு. இப்போது காலை ஐந்து மணிக்கே நெடுஞ்சாலையில் வண்டிகள் தேர் மாதிரி நகர்கின்றன. பழைய ஸ்டேஷனைத்தான் வேன் நிலையமாக்கியிருக்கிறார்கள். முதல் தடவை அங்கே போய் இறங்கியதும் நான் பழக்க தோஷத்தில் டிக்கெட் கவுன்டரைத் தேடினேன், லேடீஸ் பெட்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒரு காவலரிடம் கேட்கவும் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, 'மேடம், நீங்கள் முப்பது வருஷம் லேட்' என்றார்.